குளிர்பெட்டி இல்லாத துர்க்கானா சமையல்

வடமேற்குக் கென்யாவில் லோத்வார் என்று ஓர் ஊர். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைச் சேர்த்து அளந்தாலும் அங்கே சுமார் 200 மில்லிமீட்டர்தான் தேறும். கிழக்கே சுமார் 250 கிலோமீட்டர் நீளத்துக்குத் துர்க்கானா ஏரி விரிந்து கிடக்கிறது. ஆனால் அதன் தண்ணீர் உவர்ப்பு, பயிருக்கு ஆகாது.

இந்த நிலத்தில்தான் துர்க்கானா மக்கள் ஆடு, மாடு, ஒட்டகம், கழுதை மேய்த்து வாழ்கிறார்கள். மழை பெய்து புல் முளைத்தால் பால் பெருகும். வறண்ட மாதங்களில் மடி வற்றிவிடும். பெருகும்போது கறந்த பாலை வறட்சிக்கு எடுத்து வைக்கலாம் என்றால், அந்த வெயிலில் அது சில மணி நேரம்கூடத் தாங்காதே! துர்க்கானா அம்மாக்களின் சமையலறிவில் பெரும்பகுதி இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பிறந்ததுதான்.

முதல் வேலை, பாலைச் சுரைக்குடுவையில் ஊற்றிப் புளிக்க விடுவது. பாலில் உள்ள சர்க்கரையைச் சில பாக்டீரியாக்கள் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. நம் வீட்டுத் தயிரில் இருப்பவர்களின் சொந்தக்காரர்கள்தான் இவர்களும்! அமிலம் ஏறியதும் நோய்க்கிருமிகள் பலவற்றால் அங்கே பெருக முடியாது. பிறகு குடுவையை முன்னும் பின்னுமாக வெகுநேரம் ஆட்டுகிறார்கள். பாலில் மிதக்கும் கொழுப்புத் துளி ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய உறை உண்டு. ஆட்ட ஆட்ட அந்த உறை கிழிந்து, துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி வெண்ணெயாகத் திரள்கின்றன. அதை உருக்கினால் நெய். நெய்யில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் பாக்டீரியா பெருகாது.

மிஞ்சிய புளித்த பாலைக் குடிக்கலாம். அதிகமாக இருந்தால், தோலின் மேல் மெல்லிதாகப் பரப்பி வெயிலில் காயவைக்கிறார்கள். காய்ந்து உதிரும் இந்தப் பால்பொடிக்கு ‘எதோதோ’ என்று பெயர். ஒரு கிலோ பாலில் ஏறக்குறைய 870 கிராம் வெறும் தண்ணீர். அது போய்விட்டால் சுமை எவ்வளவு குறைகிறது பாருங்கள்! மேய்ச்சல் தேடி ஊரையே கழுதை முதுகில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். பாலைக் கெடுக்கப் பார்த்த வெயிலையே பாலைக் காக்க வைத்துவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது.

பால் குறைந்த நாட்களில் மாட்டின் கழுத்து இரத்தக்குழாயிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்துப் பாலில் கலந்து குடிப்பதும் உண்டு. மாடு சாவதில்லை, இழந்த இரத்தம் அதன் உடலில் மீண்டும் ஊறிவிடும்.

இப்படிப் பாலும் இறைச்சியும் இரத்தமுமாகச் சாப்பிட்டு, தண்ணீரும் குறைவாகக் குடித்தால் சிறுநீரகம் என்ன ஆகும்? 2025இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, துர்க்கானா மக்களின் மரபணுக்களில் இதற்கு விடை தேடியது. எஸ்.டி.சி.1 என்ற மரபணு இவர்களிடம் தனித்த மாற்றங்களோடு இருக்கிறது. உடலில் தண்ணீரைத் தக்கவைக்கவும், இறைச்சி உணவால் சேரும் கழிவுகளிலிருந்து சிறுநீரகத்தைக் காக்கவும் அது உதவுவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வறண்ட நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததில் வந்த மாற்றம் இது.

செடிகொடிகளையும் இவர்கள் விடுவதில்லை. ‘எதுங்’ என்ற காட்டுப்பழம் பஞ்சத்திலும் காய்க்கும். ஆனால் ஒரே கசப்பு. அதை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் ஊற்றி, மறுபடி மறுபடி வேகவைப்பார்கள். கசப்புப் பொருள்கள் தண்ணீரில் கரைந்து ஒவ்வொரு முறையும் வெளியேறும். தண்ணீரே அரிதான ஊரில் இத்தனை முறை மாற்றுகிறார்கள் என்றால் அந்தப் பழம் எவ்வளவு தேவைப்பட்டிருக்க வேண்டும்!

இறைச்சி? மெல்லிய கீற்றாக அறுத்துக் காயவைத்து, கொழுப்பில் போட்டு வைப்பார்கள். கொழுப்பு மூடிக்கொள்வதால் காற்றும் ஈரமும் உள்ளே போகாது. ஆனாலும் ஓர் ஒட்டகத்தை அறுத்தால் ஒரு குடும்பம் அத்தனையையும் காயவைக்க முடியுமா? அண்டை வீடுகளுக்குப் பங்கு போகிறது. நாளை அங்கே அறுக்கும்போது இங்கே பங்கு வரும். அதனால் இறைச்சி வீணாவது குறைகிறது. மந்தையிலும் இதே ஏற்பாடுதான். துர்க்கானா மந்தைகளைப் பற்றி 1955இல் புத்தகம் எழுதிய பி. எச். கலிவர், ஒவ்வொருவருக்கும் பல இடங்களில் ‘கால்நடை நண்பர்கள்’ இருப்பதை விவரித்திருக்கிறார். தேவைப்படும்போது ஒருவருக்கொருவர் ஆடுமாடு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் மழை பொய்த்து மந்தை அழிந்தாலும், கைகொடுக்க வேறு பக்கத்தில் ஆள் இருக்கும்.

விழா நாளில் ஆண்கள் அரைவட்டமாக உட்கார்ந்து, சுட்ட இறைச்சியை வயது வரிசைப்படி பங்கிட்டு உண்பார்கள். இந்த அமர்வுக்குப் பெயர் ‘அகிரிகெத்’. அதில் இரண்டு அணிகள்: கல், சிறுத்தை. அப்பா கல் என்றால் மகன் சிறுத்தை, பேரன் மறுபடி கல். ஆகவே விருந்தில் ஒருவர் அப்பாவின் பக்கம் உட்கார முடியாது, தாத்தாவின் பக்கம்தான்.