பாய் விரித்த பிறகு புரொப்பெல்லருக்கு என்ன வேலை?

சென்னை விமான நிலையத்துக்கு அருகே நங்கநல்லூரில் மொட்டை மாடி வைத்திருப்பவர்களுக்கு விமானம் ஒரு வேடிக்கையே அல்ல. ஆனாலும் புரொப்பெல்லரில் பறக்கும் ஏடிஆர் விமானம் கண்ணில் பட்டால் ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்க்கலாம். ஏறக்குறைய 4 மீட்டர் விட்டத்தில் இரண்டு புரொப்பெல்லர்கள், ஒவ்வொன்றிலும் ஆறு இறக்கைகள். பறக்கும்போது ஒரு என்ஜின் நின்றுபோனால், அந்தப் பக்கத்து இறக்கைகள் தம் அச்சிலேயே திரும்பி, காற்றுக்கு மெல்லிய விளிம்பை மட்டும் காட்டி நின்றுவிடும். இல்லாவிட்டால் வேலை செய்யாத புரொப்பெல்லரே காற்றை மறித்து விமானத்தை ஒரு பக்கமாக இழுக்கும்.

விமானத்தில் அபூர்வமாக வரும் இந்தச் சிக்கல், மோட்டார் வைத்த பாய்மரப் படகில் அன்றாடம் வரும். துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கிறது. பெரிய கப்பல்கள் போய்வரும் அப்படியொரு இடத்தில், காற்று நின்றுவிட்டதென்று நடுவழியில் மிதந்துகொண்டிருக்க முடியாது. மோட்டார் கைகொடுக்க வேண்டும். வெளியே வந்து பாய் விரித்தபின் அதே மோட்டாரின் புரொப்பெல்லர் அடியில் தண்ணீரை மறித்துக்கொண்டு தொங்கும். தள்ளும்போது பெரிதாகவும், தள்ளாதபோது இல்லாததாகவும் இருக்க வேண்டிய பொருள் அது.

டீசல் இருந்தவரை இதை யாரும் பெரிதாகக் கணக்குப் பார்க்கவில்லை. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல் உண்டு. அதில் மூன்று யூனிட்தான் தண்டைச் சுழற்றும், மீதி வெப்பமாகப் போகும். போனால் போகிறது, இன்னொரு கேன் ஊற்றிக்கொள்ளலாம். பேட்டரியில் அந்தத் தாராளம் கிடையாது. 10 யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரி 70 கிலோவாவது இருக்கும். அது செய்யும் வேலையை மூன்று நான்கு லிட்டர் டீசல் செய்துவிடும். ஆகவே மின்படகில் மிச்சம் பிடிக்க வேண்டிய முதல் இடம் புரொப்பெல்லர்தான்.

அங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஸ்காட்லாந்துப் பொறியாளர் வில்லியம் ராங்கின் 1865இல் போட்ட கணக்கு அது. படகு முன்னே போக வேண்டுமானால் தண்ணீரைப் பின்னே தள்ள வேண்டும். கொஞ்சம் தண்ணீரை வேகமாகத் தள்ளினாலும், நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளினாலும் ஒரே உந்துவிசை கிடைக்கும். செலவு மட்டும் ஒன்றல்ல. விசை, தண்ணீருக்குக் கொடுக்கும் வேகத்தைப் பொறுத்தது. ஆற்றலோ வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஒவ்வொரு லிட்டர் தண்ணீருக்கும் நான்கு மடங்கு ஆற்றல் போகும்.

எண்களில் பார்க்கலாம். மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் போக ஒரு படகுக்கு 500 நியூட்டன் உந்துவிசை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 20 செ.மீ. விட்டமுள்ள புரொப்பெல்லரின் செயல்திறன், எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், 58 விழுக்காட்டைத் தாண்டாது. 30 செ.மீ. என்றால் வரம்பு 72. 40 செ.மீ. என்றால் 80. அதே படகு, அதே வேகம். ஆனால் சின்ன புரொப்பெல்லர் 2,150 வாட் கேட்கும் இடத்தில் பெரியதற்கு 1,560 வாட் போதும். நிஜ இறக்கைகளில் உராய்வும் சேர்வதால் எல்லா எண்களும் இன்னும் இறங்கும், வரிசை மாறாது.

பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றுவது டீசலுக்கு ஒத்துவராது. குறைந்த சுற்றில் திணறிக் கரும்புகை கக்கும். வேகத்தைக் குறைக்கப் பெரிய கியர் வேண்டும். மின்மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசை தரும். ஆனால் அளவுக்கு மீறிய சுமையை மாட்டினால் அது புகைவிட்டு எச்சரிக்காது. சத்தமில்லாமல் மின்னோட்டத்தை இழுத்துச் சுருளைச் சூடாக்கும். இடமும் ஒரு வரம்பு. இறக்கை நுனிக்கும் படகின் அடிப்பகுதிக்கும் நடுவே விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி வேண்டும்.

விட்டத்துக்கு அடுத்து பார்க்க வேண்டியது பிட்ச். அது ஒரு சுற்றில் புரொப்பெல்லர் எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்ற கணக்கு. தண்ணீர் நழுவும் என்பதால், 30 செ.மீ. பிட்ச் உள்ளதை நிமிடத்துக்கு 500 முறை சுற்றினால் வர வேண்டிய வேகம், 700 முறை சுற்றினால்தான் வரும்.

வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் ஓடும் ‘ஆதித்யா’ சூரியசக்திப் படகுக்கு இவ்வளவு பார்த்தால் போதும். அதற்குப் பாய் இல்லை. பாய் உள்ள படகில்தான் மீதிக் கதை. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும் இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’யில், 2024 அக்டோபரில் கோவாவில் புறப்பட்டு உலகைச் சுற்றி 2025 மே இறுதியில் திரும்பினார்கள். 25,000 கடல் மைல்களுக்கு மேல், பாயையே நம்பிய பயணம். அத்தனை தூரம் போகும் படகில் அடியிலுள்ள சிறு தடைகூட நாட்கணக்கில் வந்து நிற்கும்.

நம் கடற்கரை ஃபைபர் படகுகளின் லாங் டெயில் என்ஜின் இதற்கு எளிய வழி வைத்திருக்கிறது: நீண்ட தண்டோடு புரொப்பெல்லரைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுவது. என் கண்ணுக்கு இதைவிட அழகான தீர்வு இல்லை. தூக்க முடியாத படகுகளுக்கு, பூ கூம்புவதுபோல மடங்கும் புரொப்பெல்லர் உண்டு. ஏடிஆர் போல விளிம்பைக் காட்டுவதும் உண்டு. மடங்குவதுதான் மிகக் குறைவாக இழுக்கும். ஆனால் பின்னோக்கித் தள்ளும்போது, தண்ணீர் அதை மூடப் பார்ப்பதால், பிடிப்பு குறையும். கரையணையும்போது இதை மறக்கக்கூடாது. நிலையான புரொப்பெல்லர்தான் இருக்கிறதென்றால், பாயில் போகும்போது பூட்டி வைக்காமல் சுழல விடுங்கள். ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, தண்டு இலகுவாகச் சுற்றினால் சுழல்வதன் தடையே குறைவு.

சுழல்வதை வைத்து பேட்டரியை ஏற்றலாமே என்ற ஆசை இங்கேதான் வரும். ஏற்றலாம். ஆனால் தள்ளுவதற்காக வளைத்த இறக்கை, தண்ணீர் அதைச் சுழற்றும்போது தவறான பக்கம் வளைந்ததாகிவிடும். மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் 40 செ.மீ. வட்டத்துக்குள் புகும் தண்ணீரில் மொத்தமே 1,000 வாட்தான் இருக்கிறது; 300 வாட் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரு மணி நேரம் மோட்டார் ஓட்டியதைத் திரும்பப் பெற ஐந்து மணி நேரத்துக்கு மேல் பாயில் போக வேண்டும், அதுவும் படகின் வேகத்தில் கொஞ்சம் கொடுத்து. பின்லாந்தின் ஓஷன்வோல்ட் நிறுவனம் இறக்கையையே திருப்பி வளைவைச் சரிசெய்யும் புரொப்பெல்லரை உருவாக்கியது. கடல் கடப்பவர்களுக்கு அது பொருந்தும்.

துறைமுகத்தைத் தாண்டி அரைநாள் பாயில் சுற்றிவிட்டு மாலையில் கரை திரும்பும் சென்னைப் படகுக்கு, அடியில் எவ்வளவு இடமிருக்கிறதோ அவ்வளவு பெரிய, இரண்டு இறக்கை கொண்ட மடங்கும் புரொப்பெல்லரே போதும். பேட்டரியைக் கரையில் ஏற்றிக்கொள்ளுங்கள். வாங்கியதும் முழு விசையில் ஓட்டி, மோட்டார் இழுக்கும் ஆம்பியரை அதன் தகட்டில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் பிட்ச் குறைந்த இறக்கைகளை மாற்றிக் கேளுங்கள்.