வானம் பார்த்த வீடு

கொடைக்கானலில் ஏரியைத் தாண்டிச் சரிவில் இறங்கும் ஒரு சந்தில் என் நண்பருக்கு ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. அவர் குடியிருப்பது மதுரையில். மே மாதம் இரண்டு வாரம், காலாண்டு விடுமுறையில் நான்கு நாள், டிசம்பர் கடைசியில் ஒரு வாரம் என்று கூட்டிப் பார்த்தால் வருடத்தில் முப்பது நாள்கூடத் தேறாது. மீதி நாளெல்லாம் பூட்டுதான்.

போன மே மாதம் அவருடன் நானும் போயிருந்தேன். கதவைத் திறந்ததும் ஈரச் சுவரின் வாடை. கூரை ஓரத்தில் டிஷ் குடை, அதன் அடி விளிம்பில் காய்ந்த யூகலிப்டஸ் இலைகள். வழியில் வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்தியபோதே அவர் செல்போனில் ரீசார்ஜ் செய்துவிட்டார். ஆனாலும் டி.வி.யைப் போட்டதும், ‘இந்தச் சேனலுக்கு நீங்கள் சந்தா கட்டவில்லை’ என்று திரை அடம்பிடித்தது.

“காசு போயிருச்சுங்க. சிக்னலும் ஃபுல்லாக் காட்டுது. அப்புறம் என்ன நோவு இதுக்கு?” என்றார் நண்பர்.

நோவு என்னவென்று சொல்ல, கதையை 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நகராத நட்சத்திரம்

பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கி.மீ. உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை ஓடவிட்டால், பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்று முடிக்கும். கீழே நின்று பார்க்கிறவருக்கு அது நகர்வதே இல்லை. அப்படி மூன்றை நிறுத்தினால் உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் எழுதினார் ஆர்தர் சி. கிளார்க். பின்னாளில் அவர் இலங்கையில் குடியேறினார். 1975இல் இஸ்ரோ பொறியாளர்கள் கொழும்புக்கே போய் அவர் வீட்டில் ஒரு டிஷ்ஷை நிறுவினார்கள். இலங்கையில் அப்போது தொலைக்காட்சி நிலையம் ஒன்றுகூடக் கிடையாது!

அதே ஆண்டு ஏடிஎஸ்-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வழியாக இந்தியாவில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போனது. அங்கே வைத்த குடைகள் 3 மீட்டர் அகலம். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையில் செய்தவை. நண்பர் வீட்டுக் குடையோ 60 சென்டிமீட்டர்தான். எப்படிச் சுருங்கியது? ஒரு குடை எவ்வளவு கூர்மையாகப் பார்க்கும் என்பது, அதன் அகலத்துக்குள் எத்தனை அலைகள் அடங்கும் என்பதைப் பொறுத்தது. அன்றைய அலையின் நீளம் சுமார் 35 செ.மீ.; அந்தப் பெரிய குடைக்குள் எட்டு, ஒன்பது அலைகள்தான் அடங்கின. அத்தனை நீளமான அலைக்குக் கம்பி வலையின் ஓட்டையும் தெரியாது. முழுத் தகடு என்றே நினைத்துத் திரும்பிவிடும். இன்றைய டிடிஎச் அலை இரண்டரை சென்டிமீட்டர்தான். சின்னக் குடைக்குள்ளேயே இருபத்து நான்கு அடங்குகின்றன.

மலை வீட்டுக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. கொடைக்கானல் பூமத்திய ரேகைக்குப் பக்கம். 83 டிகிரி கிழக்கில் நிற்கும் செயற்கைக்கோள், அங்கிருந்து பார்த்தால் அடிவானத்திலிருந்து 76 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சிவானத்தில் இருக்கிறது. லண்டன்காரர் பார்க்கும் செயற்கைக்கோள் 25 டிகிரி உயரத்தில்தான்; எதிர்வீட்டு மாடியே மறைத்துவிடும். நம் ஊர்க் குடைகள் மல்லாந்து கிடப்பது அதனால்தான். ஒரு மலைமுகடு குறுக்கே வந்தால் செல்போன் டவர் மறையும். உச்சிவானத்தை எந்த மலையும் மறைக்காது.

அந்தச் செயற்கைக்கோளும் சும்மா நின்றுவிடாது. சூரியனும் நிலவும் இழுத்துக்கொண்டே இருக்கும். இந்தியச் செயற்கைக்கோள்களைக் கர்நாடகத்தின் ஹாசனில் உள்ள இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையம் கண்காணித்து, சின்ன உந்திகளை இயக்கி அவற்றை இடத்திலேயே பிடித்து வைக்கிறது. நண்பர் பூட்டிவிட்டுப் போன பதினொரு மாதமும் அந்தக் காவல் நடக்கிறது. நம் பக்கத்துக் காவல்தான் பலவீனம். ஒரு குரங்கு குடையின் மேல் உட்கார்ந்து விளிம்பு ஒன்றரை சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும், கிடைக்கும் சிக்னல் பாதியாகிவிடும்.

மழைக்கும் இந்தக் குடைக்கும் ஆகாது. இரண்டரை சென்டிமீட்டர் அலையைச் சில மில்லிமீட்டர் மழைத்துளிகள் விழுங்கியும் சிதறடித்தும் விடும். வானம் பார்த்த பூமி மழைக்கு ஏங்கும். வானம் பார்த்த குடை மழை ஓயக் காத்திருக்கும். மார்ச்சிலும் செப்டம்பர் கடைசியை ஒட்டியும் சில நாட்கள், சூரியனே செயற்கைக்கோளின் பின்னால் வந்து நிற்கும். அதன் இரைச்சலில் செயற்கைக்கோளின் மெல்லிய குரல் மூழ்கி, சில நிமிடம் படம் உடையும். பழுதென்று ஆளைக் கூப்பிட வேண்டாம், தானாகவே சரியாகும்.

சாவியைத் தவறவிட்ட பெட்டி

இனி நண்பரின் கேள்வி. செயற்கைக்கோள் எல்லாச் சேனல்களையும் எல்லார் கூரை மேலும் ஒரேபோல் பொழிகிறது. பணம் கட்டியவர் வீட்டுக்கு ஒன்று, கட்டாதவர் வீட்டுக்கு வேறொன்று என்று பிரித்து அனுப்ப அதனால் முடியாது. அதனால் படத்தைக் கலைத்துப் பூட்டி அனுப்புகிறார்கள். பூட்டும் சில விநாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அதைத் திறக்கும் உரிமை, ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் எண்ணைச் சொல்லி வானிலிருந்து அறிவிக்கப்படுகிறது. ரேஷன் கடையில் அட்டை எண்ணைக் கூப்பிடுவதுபோல, லட்சக்கணக்கான எண்கள் சுற்றுமுறையில் வந்துகொண்டே இருக்கும்.

பெட்டிக்குக் காது உண்டு, வாய் கிடையாது. ‘நான் முழித்துவிட்டேன், என் சாவியைக் கொடு’ என்று அதனால் கேட்க முடியாது. மாதக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் தூங்கிய பெட்டி, தன் எண்ணைக் கூப்பிட்டபோதெல்லாம் வரிசையில் இல்லை. வத்தலக்குண்டில் ரீசார்ஜ் செய்த நிமிடம் உரிமை அறிவிக்கப்பட்டிருக்கும். கேட்கத்தான் ஆள் இல்லை. மருந்து எளிது. பெட்டியைப் போட்டு, ஏதாவது ஒரு சேனலில் நிறுத்தி, நிறுவனத்தின் ஆப்பிலோ பதிவு செய்த எண்ணிலிருந்தோ ‘ரெஃப்ரெஷ்’ கேட்டால், எண்ணை உடனே மறுபடி கூப்பிடுவார்கள். நண்பர் கேட்டார்; சிறிது நேரத்தில் படம் வந்துவிட்டது.

கட்டணச் சேனல்களே வேண்டாமென்றால் பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 2004 டிசம்பரில் தொடங்கிய சேவை. குடைக்கும் பெட்டிக்கும் ஒருமுறை செலவு. மாதச் சந்தா கிடையாது. வருடத்தில் முப்பது நாள் திறக்கும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு வேறில்லை.

பேச்சுக்கு இடம் பிடிப்பது

இணையம் இப்படி இல்லை. தொலைக்காட்சி கோயில் ஒலிபெருக்கி. நீங்கள் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒரே செலவுதான். இணையம் உரையாடல். உங்கள் ஒருவருக்காக ஒரு முனையைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வரும் ஃபைபரை எடுத்துக்கொள்ளுங்கள். முடியைப் போன்ற கண்ணாடி இழை. ஒளி அதற்குள் விநாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகும். நிலையத்திலிருந்து வரும் ஒரே இழை, மின்சாரமே தேவைப்படாத ஒரு பிரிப்பானில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. எல்லா வீடும் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் ஒளி ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். அதனால் ஒவ்வொரு வீடும் எவ்வளவு தொலைவு என்று நிலையம் ஒளியைக் கொண்டே அளந்து, யார் எப்போது பேசலாம் என்று நேரம் ஒதுக்குகிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு வித்தியாசம் ஒரு விநாடியின் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. அதையும் கணக்கில் வைக்கிறது. வீடு பூட்டியிருந்தாலும் அந்தப் பிரிப்பானில் உங்கள் கிளை உங்களுக்கென்றே கிடக்கும். வாடகை ஓடுவது அதற்குத்தான்.

செயற்கைக்கோள் வழியாக இணையமும் உண்டு. ஆனால் 36 ஆயிரம் கி.மீ. உயரத்துக்குக் கேள்வி ஏறி இறங்கி, பதிலும் ஏறி இறங்க அரை விநாடி ஆகிவிடும். வீடியோ அழைப்பில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, இரண்டு பேரும் நிறுத்துவார்கள். அதனால்தான் ஸ்டார்லிங்க் போன்றவை 550 கி.மீ. உயரத்துக்கு இறங்கி வந்தன. ஸ்டார்லிங்கிற்கு இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 ஜூனில் உரிமம் கொடுத்தது.

ஆகவே கணக்கு இதுதான். முப்பது நாள் வீட்டுக்கு ஒலிபெருக்கி வகைச் சேவையை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். உரையாடலுக்கு, சட்டைப்பையில் கூடவே வரும் செல்போனின் ஹாட்ஸ்பாட் போதும். அங்கே டாங்கிளில் தனி சிம் போட்டு வைத்தால், 90 நாள் தொடாத ப்ரீபெய்டு எண் முடக்கத்துக்கு உள்ளாகும். கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால்தான் தப்பும். பூட்டிய வீட்டைக் கேமராவில் பார்க்க வேண்டும், அல்லது மாதக்கணக்கில் தங்கி அலுவலக வேலை செய்ய வேண்டும் என்றால் மட்டும் ஃபைபர் வாங்குங்கள்.

கேமரா இல்லையென்றால், கிளம்பும்போது எல்லா ப்ளக்கையும் பிடுங்கிவிடுங்கள். கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது. மோடமின் மின்வயர் கடத்தும். அடுத்த முறை போனால் முதலில் டி.வி. பெட்டியைப் போட்டு, ‘ரெஃப்ரெஷ்’ கேட்டுவிட்டு, அப்புறம் அடுப்பில் பாலை வையுங்கள். பால் பொங்குவதற்குள் பெட்டி தன் சாவியை வாங்கியிருக்கும்.