மலைச்சரிவில் புதர்ச்செடிகளின் வேர்வளர்ச்சி

மலைச்சரிவில் வளரும் புதர்ச்செடியின் வேர், சமநிலத்தில் வளரும் அதே இனச் செடியின் வேரைப் போல அமைவதில்லை. சரிவின் சாய்வு, மண்ணின் ஆழம், ஈரம் ஆகியவற்றுக்கேற்பத் திசையும் தடிப்பும் மாறுகின்றன. இதை ஒரே மாவட்டத்துக்குள் காண நீலகிரி நல்ல இடம். தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்கும் கூடலூர், வடகிழக்குப் பருவமழையை நம்பும் குன்னூர், கோத்தகிரி, மழைமறைவில் கிடக்கும் மசினகுடி முட்புதர்க்காடு என மூன்று வகைச் சரிவுகள் அங்குள்ளன.

வேர் திசை அறிவது எப்படி?

வேர்நுனியின் மூடியில் உள்ள செல்களில் மாவுமணிகள் புவியீர்ப்பால் அடியில் படிகின்றன. அதையொட்டி ஆக்சின் என்னும் வளரூக்கி வேரின் கீழ்ப்பக்கத்தில் கூடுகிறது. தண்டில் வளர்ச்சியைத் தூண்டும் இதே ஆக்சின், வேரில் மிகுந்தால் வளர்ச்சியைத் தடுக்கும். மாணவர்கள் வழக்கமாகக் குழம்பும் இடம் இது. மேல்பக்கம் மட்டும் நீள்வதால் வேர் கீழே வளைகிறது. திசையை உணர்வது வேர்நுனியே என்பதைச் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் 1880இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். ஈரம் இருக்கும் பக்கம் திரும்பும் இயல்பும் வேருக்கு உண்டு.

சரிவில் நிற்கும் செடியைக் காற்றும் சொந்த எடையும் பள்ளத்தை நோக்கி இழுக்கின்றன. மேட்டுப்பக்க வேர்கள் கட்டிய கயிறு போல இழுத்துப் பிடிக்கின்றன. பள்ளத்துப்பக்க வேர்கள் முட்டுக்கால் போலத் தாங்குகின்றன. இத்தாலியில் ஸ்பார்டியம் என்னும் புதரை ஆராய்ந்தவர்கள், சரிவில் அதன் பக்கவேர்கள் மேலும் கீழுமாக இரு விசிறிகள் போலப் பரவுவதைக் கண்டனர். சமநிலத்தில் அவை எல்லாப் பக்கமும் பரவியிருந்தன. இதன் உறவினமான ஸ்காட்ச் புரூம், ஆங்கிலேயர் கொண்டுவந்த செடி, இன்று நீலகிரிப் புல்வெளிகளை ஆக்கிரமித்துள்ளது.

வறண்ட பக்கத்தில் இருவகை உத்தி உண்டு. கள்ளி மேலோட்டமாக வேர் பரப்பிச் சிறுமழையையும் உறிஞ்சிக்கொள்ளும். சீமைக்கருவேலின் பேரினமோ ஆழத்துக்குப் போகும். அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் அப்பேரினத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது.

தேயிலையும் நிலச்சரிவும்

விதையிலிருந்து வளர்ந்த தேயிலைக்கு ஆணிவேர் உண்டு. தண்டுத் துண்டிலிருந்து வளர்க்கும் குளோன் செடிக்கு அது கிடையாது. வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவுவதால் கோடையில் முதலில் வாடுவது அதுவே. வறட்சி தாங்கும் உபாசி-9 போன்ற வகையை அடிச்செடியாக வைத்து ஒட்டுக்கட்டுவது இதற்கு ஒரு மாற்று. கவாத்துக்குப் பின் துளிர்க்க வேண்டிய மாவுச்சத்தும் வேரில்தான் சேமிக்கப்படுகிறது. எனவே வேர் மெலிந்த செடியைக் கவாத்து செய்வது ஆபத்து.

2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வேர் மேல்மண்ணைக் கட்டிப்போடும். ஆனால் கனமழையில் நீர் ஊறி, வேர் எட்டாத ஆழத்தில் மண் வழுக்கினால் செடியும் சேர்ந்தே இறங்கும். ஆகவே சரிவில் இயற்கையான நீரோடைகளை அடைக்காமல் விடுவது, செடி நடுவதைப் போலவே அவசியம்.

வெட்டிய செடியின் வேர் உடனே வலுவிழப்பதில்லை. மண்ணுக்குள் சில ஆண்டுகளில் மெல்ல மக்குகிறது. கட்டடத்துக்காகச் செடிகளை அகற்றிய சரிவு முதல் மழைக்காலத்தைத் தாங்கிவிட்டு, வேர்கள் மக்கிய பின் வரும் மழையில் சரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.