தீவகக் கடலோடிகளும் விண்மீன்களும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்ச் சாசனம், முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணையொன்றைக் கூறுவது. கா. இந்திரபாலா 1963இல் இதனை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டார் ஊராத்துறைக்கே வந்து தங்கவேண்டும்; யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு; வாணிகப் பண்டங்களோடு வந்த கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு என்பன அதன் விதிகள். அரசுக்குத் தேவைப்பட்டவை யானையும் குதிரையும் என்பதால் அவற்றைக் கொணர்ந்தவனுக்குச் சலுகை கிடைத்தது. சாசனத்தை ஆராய்வோர் பெரிதும் அரசியலையும் வரியையுமே நோக்குவர். கரை தெரியாத இரவில் அக்கலங்களை இன்றைய ஊர்காவற்றுறையாகிய அத்துறைக்குக் கொணர்ந்து சேர்த்த அறிவு எத்தகையது என்ற வினாவை நாம் இங்கே எழுப்ப விழைகின்றோம்.

விண்மீனறிவு பற்றிப் பேசப் புகுவோர் எகிப்திலிருந்தே தொடங்குவது வழக்கம். நைல் நதியின் பெருக்கை ஒட்டி, விடியலுக்குச் சற்று முன்னர் சிரியசு என்னும் மீன் மீளத் தோன்றுவதை எகிப்தியர் கவனித்தனர். வடதுருவத்தைச் சுற்றி ஒருபோதும் மறையாத மீன்களை அழியாதவை எனப் போற்றி, இறந்த மன்னனின் உயிர் அவற்றோடு சேரும் என நம்பினர். எகிப்து ஏறக்குறைய 30 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால் அங்கே மறையாத மீன்கள் பல. நெடுந்தீவோ 9½ பாகையில் உள்ளது. துருவத்திலிருந்து அவ்வளவு தொலைவுக்கு உட்பட்ட மீன்களே இங்கு மறையாதவை. எகிப்தியர் அழியாததென வணங்கிய எழுமீன் கூட்டமே நம் கடலுள் அமிழ்ந்துவிடுகின்றது. எகிப்தியப் புரோகிதன் நம் தீவகத்தில் பிறந்திருந்தால் அவனுடைய சொர்க்கம் வேறிடத்தில் அமைந்திருக்கும்!

வானத்தின் இவ்வியல்பு கடலோடிக்கு நன்மையே. நடுக்கோட்டை அண்மிய நாடுகளில் மீன்கள் ஏறக்குறையச் செங்குத்தாக எழுந்து செங்குத்தாகவே விழுகின்றன. ஆதலின் எழும் மீனொன்று நெடுநேரம் ஒரே திசையைக் காட்டி நிற்கும். அது உயர்ந்தபின் அதே இடத்தில் எழும் அடுத்த மீனைக் குறியாகக் கொள்ளலாம். ஓரியன் மண்டலத்தின் நடுவிலுள்ள மூன்று மீன்கள் நேர்கிழக்கை ஒட்டி எழுந்து நேர்மேற்கை ஒட்டி மறைவன. தெற்கே அகத்திய மீன் ஏறத்தாழ 28 பாகை உயரம் வரை ஏறும்.

நாகபட்டினம் ஊர்காவற்றுறைக்கு ஏறக்குறைய நேர்வடக்கே, சுமார் 120 கிலோமீற்றர் தொலைவில் இருப்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. கோடிக்கரையை இடப்புறம் விட்டுச் செல்லும் அப்பயணத்தில் போகும்போது துருவ மீன் அணியத்துக்கு நேரே நிற்கும்; திரும்பும்போது முதுகுப்புறம் நிற்கும்.

நெடுந்தூரப் பயணத்துக்குத் திசை மட்டும் போதாது. துருவ மீனின் உயரம் அகலக்கோட்டைத் தருவதால் அதனை அளக்கவேண்டியிருந்தது. நீட்டிய கையின் விரலகலமே பழைய அளவை. அரபுக் கடலோடிகள் ஒரு விரலை 1.6 பாகையளவாகக் கொண்டனர். பின்னர் முடிச்சிட்ட கயிறு கோத்த சிறுபலகை பயன்பட்டது. பலகையின் கீழ்விளிம்பு தொடுவானத்தையும் மேல்விளிம்பு மீனையும் தொடுமாறு கயிற்றைப் பல்லிற் கடித்துப் பிடிப்பர். எந்த முடிச்சில் அது பொருந்துகின்றதோ அதுவே இடத்தைக் கூறும். சோழமண்டலக் கரையோரத்தார் இத்தகைய கருவியைக் கையாண்டதைக் காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர் 1850இல் எழுதிவைத்தார். ஊர்காவற்றுறைக்கும் நாகபட்டினத்துக்குமிடையே வேறுபாடு ஒரு விரலுக்கும் குறைவு. ஆடும் தோணியில் அதனை அளப்பது வீண்வேலை. வங்கக் கழிமுகம் வரையுள்ள வேறுபாடோ ஏழு விரலுக்கு மேற்பட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் துருவத்தின் இடம் மாறிக்கொண்டே வருகின்றது. பிரமிட்டுகள் எழுந்த காலத்தில் துருவத்தை அண்மி நின்றது துபான் என்னும் வேறொரு மீன். பராக்கிரமபாகுவின் காலத்தில் இன்றைய துருவ மீன் துருவத்திலிருந்து ஏறக்குறைய 5 பாகை விலகியிருந்தது. எனவே தீவகக் கடலில் ஒரே நாளில் அதன் உயரம் சுமார் 5 பாகையிலிருந்து 15 பாகை வரை மாறியிருக்கும். அளக்கவேண்டிய வேளையை அயல்மீன்களின் நிலைகொண்டு அறியாதவனை அது பல நூறு கிலோமீற்றர் பிழைவழி நடத்தியிருக்கும். அக்காலக் கப்பலோட்டியின் தேர்ச்சி இங்கேதான் வெளிப்படுகின்றது.

நிலத்திலும் விண்மீன் காலங்காட்டியது. கார்த்திகை மாதத்தில் கார்த்திகைக் கூட்டம் மாலையிலே வடகிழக்கில் எழும். அதே திசையிலிருந்து மழைக்காற்றும் வீசும். நன்னீர் அரிதாகிய தீவகத்தில் அம்மழை வயலுக்கு மட்டுமன்றிக் குடிநீருக்கும் ஆதாரம். எகிப்தியரின் 365 நாள் ஆண்டு நான்கு ஆண்டுகளுக்கு ஒருநாள் வீதம் பருவத்தினின்று விலகியது. விண்மீனை ஆதாரமாகக் கொண்ட நமது பஞ்சாங்க ஆண்டும் ஏறக்குறைய 72 ஆண்டுகளுக்கு ஒருநாள் விலகுகின்றது. தை முதல்நாளுக்கும் சூரியன் வடக்கே திரும்பும் நாளுக்குமிடையே இன்று மூன்று கிழமைக்கு மேற்பட்ட இடைவெளி காணப்படுவது இதனாலேயே.

யாழ்ப்பாண அரசர் காலத்தில் செகராசசேகரமாலை போன்ற சோதிட நூல்கள் ஏட்டில் ஏறின. நாள் குறித்தவரின் அறிவு இவ்வாறு நூலாக, சுக்கான் பிடித்தவரின் அறிவு வாய்மொழியாகவே நின்றது. இதற்குக் காரணம் அறிவின் தரமன்று, எழுத்து எவர் கையில் இருந்தது என்பதே. 1990, 1991ஆம் ஆண்டுகளின் போர் தீவக மக்களைப் பெருந்தொகையாக இடம்பெயரச் செய்தபோது அவ்வாய்மொழியும் சிதறியது. சோழகம், கச்சான், வாடை, கொண்டல் என்னும் காற்றின் பெயர்கள் பேச்சில் நிலைத்துள்ளன. மீன்களைப் பற்றி முதியோரிடம் விசாரிக்கச் செல்லும் மாணவர் வெறும் பெயர்ப்பட்டியலோடு திரும்புதல் போதாது. எந்த மாதத்தில், எந்தத் துறையிலிருந்து புறப்பட்டு, எந்த மீனை எந்தத் தோளுக்கு நேரே வைத்து ஓடினர் என்பதையும் கேட்டுக் குறிக்கவேண்டும்.