இரத்தசோகை என்று எழுதப்படும் நுரையீரல் நோய்

குழந்தை வெளிறியிருக்கிறது, அடிக்கடி இருமுகிறது, ஓடினால் மூச்சு வாங்குகிறது. கொங்கு மண்டலத்தின் அருந்ததியர் குடியிருப்புகளிலும் நூற்பாலைத் தொழிலாளர் வீடுகளிலும் இந்த அறிகுறிகளுக்கு ஆயத்தமான பதில் ஒன்று உண்டு: ஊட்டக்குறைவு, இரத்தசோகை. சளியில் இரத்தம் தென்பட்டால் காசநோய். பெரும்பாலும் அப்பதில் சரியாகவே இருக்கும். அப்பதில் பொருந்தாத குழந்தையைக் குறித்தே இங்கு எழுதுகிறோம்.

இடியோபதிக் பல்மனரி ஹீமோசிடிரோசிஸ் என்பது பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும் மிக அரிய நோய். நுரையீரலின் நுண்குழாய்களிலிருந்து காற்றறைகளுக்குள் மீண்டும் மீண்டும் இரத்தம் கசிகிறது. அந்த இரத்தத்திலுள்ள இரும்பு நுரையீரலிலேயே படிந்துவிடுவதால், புதிய இரத்தம் உருவாக்க உடலுக்கு அது பயன்படுவதில்லை. ஆகவே இரத்தசோகை ஏற்படுகிறது. சிறு குழந்தைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவதால், இரத்தம் வெளியே தெரியாமலே போகலாம். ஆண்டுக்கணக்கில் கசிவு தொடர்ந்தால் நுரையீரல் தழும்பேறிச் சுருங்குகிறது.

இந்தியாவில் இந்நோயாளிகள் பலர் முதலில் காசநோய் மருந்தையே பெறுகின்றனர் என்பதை மருத்துவ இதழ்களில் வெளியான நோயாளர் குறிப்புகள் காட்டுகின்றன. நுரையீரலைக் கழுவியெடுத்த நீரில் இரும்பேறிய செல்களைக் கண்டறிந்தால் நோய் புலப்படும். ஸ்டீராய்டும் நோயெதிர்ப்பை அடக்கும் பிற மருந்துகளும் உரிய காலத்தில் தொடங்கினால் பலருக்குக் கசிவு கட்டுப்படுகிறது.

நுரையீரல் மாற்று கடைசி வழியே. இந்நோய்க்காக உலக அளவிலேயே மிகச் சிலருக்குத்தான் அது செய்யப்பட்டுள்ளது. மாற்றிய நுரையீரலிலும் நோய் திரும்பியதாகப் பதிவு உண்டு. அறுவைக்குப் பின் வாழ்நாள் முழுதும் மருந்து வேண்டும். தொற்று அண்டாத வீடும் வேண்டும். ஒற்றை அறையில் ஐவர் வாழும் குடும்பத்திடம் இந்த நிபந்தனையைச் சொல்லும்போது, அது மருத்துவ அறிவுரையாக மட்டும் நிற்பதில்லை.

தமிழகத்தின் மூளைச்சாவு உறுப்புக் கொடைத் திட்டம் 2008இல் தொடங்கியது. கொடையாளர்களில் பெரும்பாலோர் சாலை விபத்தில் சிக்கியவர்கள். உறுப்பு பெற விரும்புவோர் உரிமம் பெற்ற மருத்துவமனை வழியாகவே பட்டியலில் சேர முடியும். நுரையீரல் மாற்றோ பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளில்தான் நடக்கிறது. 2017இல் மாநிலத்தில் நடந்த நுரையீரல் மாற்றுகளில் சுமார் 33 விழுக்காடு வெளிநாட்டவருக்குச் சென்றதாக 2018இல் தி இந்து நாளேடு வெளியிட்டது. பொருந்தும் இந்தியர் எவரும் இல்லாதபோதே வெளிநாட்டவருக்கு என்பது விதி. ஆனால் நோயே கண்டறியப்படாத குழந்தை அந்தப் பட்டியலில் எப்படி இருக்கும்?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. நிதிப் பற்றாக்குறையைக் காட்டி அரசு மருத்துவக் கடமையிலிருந்து விலக முடியாது என்று பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அரிய நோயுற்ற ஏழைச் சிறுவனுக்கு இலவச சிகிச்சை வழங்குமாறு 2014இல் முகமது அகமது வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால் 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கை, உறுப்பு மாற்றுப் பிரிவில் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கருதியே எழுதப்பட்டது. நுரையீரலையும் அதில் சேர்க்கக் கோருவது நம் பணி.

களத்தில் செய்ய வேண்டியவையும் உண்டு. இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் இரத்தசோகை திரும்பத் திரும்ப வந்தால், காசநோய்ப் பரிசோதனையில் கிருமி இல்லை என வந்தும் இருமல் நிற்காவிட்டால், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நுரையீரல் பிரிவுக்குப் பரிந்துரை கேளுங்கள். ஒவ்வொரு சீட்டையும் ஊடுகதிர்ப் படத்தையும் பாதுகாத்து வையுங்கள். பரிந்துரை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கோருங்கள். உறுப்பு கொடுத்தோர், பெற்றோர் ஆகியோரின் வருவாய், சமூகப் பிரிவு விவரங்களைப் பெயரின்றி ஆண்டுதோறும் வெளியிடுமாறு தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தை நாம் வலியுறுத்த வேண்டும். கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்பது பொதுமக்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.