பட்டம் பெற்றபின் மனநலச் செவிலியராகலாமா?

'கீழ்ப்பாக்கம்' என்னும் ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கிய பெருமை நம் சென்னைக்கு உரியது. இராயபுரம், திருவொற்றியூர்த் தெருச்சண்டைகளில் அச்சொல்லை நாம் கேட்டிருக்கிறோம்; நம் பிள்ளைகளும் விளையாட்டாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1871 முதல் அங்கே இயங்கிவரும் அரசு மனநல மருத்துவமனையில் இரவும் பகலும் நோயாளர் அருகிருப்போர் செவிலியரே. வணிகவியலோ வரலாறோ படித்துப் பட்டம் பெற்ற மகள் ஒருத்தி, "நானும் அப்பணிக்குச் செல்லலாமா?" என்று கேட்டால், பெற்றோர் என்ன விடை கூறுவது?

இங்கிலாந்தில் மனநலச் செவிலியம் தொடக்கத்திலிருந்தே தனிப்பிரிவு. பிற துறைப் பட்டதாரிகளும் தகுந்த முன்னனுபவம் இருப்பின், ஏறத்தாழ இரண்டாண்டு முதுநிலைப் படிப்பினால் செவிலியராகலாம். நம் நாட்டில் அவ்வழி இல்லை. இங்கே முதலில் பொதுச் செவிலியராக வேண்டும்: நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங், அல்லது மூன்றாண்டு டிப்ளமா. மனநலத்தில் எம்.எஸ்சி. சேர நர்சிங் பட்டமும் ஓராண்டுப் பணியனுபவமும் வேண்டும். எனவே, "எந்தப் பட்டமானாலும் சரி, இரண்டே ஆண்டில் மனநல நர்ஸ்" என்று எவரேனும் பணம் கேட்டால் கொடாதீர்கள்.

இருபத்திரண்டு வயதில் மீண்டும் முதலாண்டு மாணவியாக அமர்வது எளிதன்று. வீட்டில் கடன் இருக்கும். திருமணப் பேச்சும் எழும். 'பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வேலை' என்றால் வரன் வருமா என்ற முணுமுணுப்பு வேறு. இதற்கு டாக்டர் சாரதா மேனனின் வாழ்வே விடை. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் அவர், 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்க மருத்துவமனையின் கண்காணிப்பாளராயிருந்தார். 1984இல் மனச்சிதைவு நோயாளருக்கென 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தையும் தோற்றுவித்தார்.

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். பயிற்சி பெற்ற செவிலியர் அருகிருக்கும் இடத்தில் சங்கிலிக்கு வேலை ஏது?

மறுபடியும் முதலிலிருந்து படிக்க இயலாதவர்க்கு வேறொரு வாசல் உண்டு. எம்.எஸ்.டபிள்யூ. எனும் சமூகப்பணிப் படிப்பில் எத்துறைப் பட்டதாரியும் சேரலாம். சென்னையிலேயே மருத்துவ, மனநலச் சமூகப்பணிப் பிரிவுகள் உள்ளன. இவர் ஊசி போடமாட்டார். நோயாளியின் குடும்பத்தாரோடு பேசுவார், வேலை தேடித் தருவார், வீடு திரும்ப வழி செய்வார். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இதற்குமேல் ஈராண்டு எம்.ஃபில். படிப்பையும் கேட்கிறது, 2022இல் எம்.ஃபில். விதிகள் மாறியமையால், சேருமுன் கல்லூரியில் நேரில் விசாரித்தல் நலம்.

ஏற்கெனவே நர்சாகப் பணிபுரியும் நம் சகோதரிகளுக்கோ பாதை மிகக் குறுகியது: பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களில் ஓராண்டு மனநலச் செவிலியப் பட்டயம்.