எந்த ஊர்ப் பிள்ளை?

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு குழந்தையிடம் முதலில் கேட்பது, 'நீ எந்த ஊரு?' என்றுதான். சிங்கப்பூரில் பிறந்து அங்கேயே படிக்கிற பிள்ளையானாலும், பெரியவர்கள் முந்திக்கொண்டு தாத்தாவின் ஊரைச் சொல்வார்கள். நம் பேச்சில் ஊர் என்பது தகப்பன்வழிச் சொத்து. சட்டத்தின் ஊர் வேறு. தாயும் தகப்பனும் பிரிந்து ஆளுக்கொரு நாட்டில் இருக்கும்போது, எது பிள்ளையின் ஊர் என்பதே வழக்காகிவிடுகிறது.

1890ஆம் வருடக் காப்பாளர் சட்டப்படி, குழந்தை 'சாதாரணமாக வசிக்கும்' இடத்து நீதிமன்றத்துக்கே விசாரிக்கும் அதிகாரம். 1956ஆம் வருட இந்துக் காப்பாளர் சட்டம் தகப்பனை முதல் காப்பாளன் ஆக்குகிறது. ஐந்து வயது நிறையாத பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்கட்டும் என்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகப் 'பிள்ளையின் நலன்' என்ற சொல்லை வைக்கிறது.

1980இன் ஹேக் ஒப்பந்தம், பிள்ளை யாருக்கு என்று தீர்ப்பதில்லை. எந்த நாட்டு நீதிமன்றம் தீர்ப்பது என்று மட்டுமே சொல்கிறது. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையை, அது வழக்கமாக வாழும் நாட்டிலிருந்து மற்றவரின் உரிமையை மீறிக் கொண்டுபோனால் திருப்பியனுப்ப வேண்டும். கடும் ஆபத்து என்று நிரூபித்தால் மறுக்கலாம். இலங்கை 2001இலும் சிங்கப்பூர் 2010இலும் இதில் சேர்ந்தன. நம் சட்ட ஆணையமும் 2009இல் சேரச் சொன்னது. அடி உதைக்குத் தப்பி வரும் பெண்ணையும் இது திருப்பியனுப்பிவிடுமே என்பது முக்கிய எதிர்ப்பு. இந்தியா சேரவில்லை.

ஆகவே இங்கே பெரும்பாலும் ஆட்கொணர்வு மனுதான். சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டவரை மீட்கும் மனு, தாயின் மடியில் இருக்கும் பிள்ளைக்காகப் போடப்படுகிறது!

கோயம்புத்தூர் வழக்கொன்றைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் வாழ்ந்த தாய் 2012இல் இரண்டு பெண்பிள்ளைகளோடு ஊர் திரும்பி, குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்டார். தகப்பன் அங்குள்ள உயர்நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார். சென்னை உயர்நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. 2015இல் உச்சநீதிமன்றம், பிள்ளைகள் குறித்து முதலில் பயனுள்ள உத்தரவிட்டது அந்நாட்டு நீதிமன்றம்தான், அதை மதிக்க வேண்டும் என்றது. 2017இல், டெல்லி வழக்கொன்றில், மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு இந்த 'முதலில் முந்தியவர்' கொள்கையை ஏற்கவில்லை. அயல்நாட்டு உத்தரவு கணக்கில் கொள்ள வேண்டிய ஒரு காரணி, அவ்வளவே. நலனே முதன்மை என்றது.

இரண்டாவது தர்க்கம் மேலானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதிலும் ஓர் ஓட்டை உண்டு. முதல் தர்க்கத்தில் கோர்ட்டுக்கு முந்தி ஓடியவருக்குப் பலம். இரண்டாவதில் பிள்ளையைக் கையில் வைத்திருப்பவருக்கு. வழக்கு இழுக்க இழுக்கப் பிள்ளை இங்கே வேர்விடுகிறது. பிறகு அந்த வேரே நலனுக்குச் சாட்சியாகிறது.

'வழக்கமாக வாழும் நாடு' என்பதும் அப்பாவிச் சொல்லல்ல. கணவனின் வேலை அனுமதியை ஒட்டிக் கிடைத்த விசாவில் வாழும் பெண்ணுக்கு, அந்த அனுமதி போனால் அந்த நாடும் போகிறது. 'அங்கேயே வந்து வழக்காடு' என்றால் எந்த வீட்டில் தங்கி, யார் காசில்? இங்கே 'புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடியாந்துட்டா' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். மறுபக்கம், கடல் கடந்து உழைக்கும் தகப்பனுக்கு வருஷக்கணக்கில் பிள்ளையின் குரல்கூடக் கிடைக்காமல் போவதும் நடக்கிறது. பிள்ளையைப் பிரிந்திருக்கும் பெற்றோருக்குத் தொலைபேசி, காணொளி வழியே தொடர்பு உரிமை வேண்டும் என்று 2020இல் உச்சநீதிமன்றம் சொன்னது இதனால் முக்கியம்.

'கண்ணாடி உத்தரவு' என்றொரு வழியும் உண்டு. இங்கே இட்ட நிபந்தனைகளையே அந்த நாட்டு நீதிமன்றத்திலும் உத்தரவாக வாங்கிவரச் சொல்வது. 2020இல் அப்படியொரு உத்தரவைப் பெற்றுவரச் சொல்லி, கென்யாவிலிருந்த தகப்பனிடம் பிள்ளையை ஒப்படைத்தது உச்சநீதிமன்றம். தன்னை ஏமாற்றிவிட்டார் என்று கண்டு, 2021இல் அந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்றது. அதற்குள் பிள்ளை கென்யா போய்விட்டது. இரண்டு அரசுகளுக்கிடையே உடன்பாடில்லாத இடத்தில் தனியார் வாக்குறுதியின் மதிப்பு இவ்வளவுதான்.

ஒப்பந்தத்தில் சேர்வதா கூடாதா என்ற விவாதத்துக்குள் இன்னொரு கேள்வி மறைந்துபோகிறது. பிள்ளையைத் திருப்பியனுப்பச் சொல்லும் முன், கூடப்போகும் தாய்க்கு விசா, தங்குமிடம், வழக்குச் செலவு, கைதாகாத உறுதி இவையெல்லாம் எழுத்தில் கையில் இருக்கின்றனவா? அனுப்ப மறுக்கும் முன், அந்தப் பக்கத்துத் தகப்பன் பிள்ளையோடு பேச நாளும் நேரமும் குறித்தாயிற்றா? இவற்றுக்குப் பதில் இல்லாதவரை, 'நலன்' என்பது தீர்ப்பின் கடைசிப் பத்தியில் வரும் ஒரு சொல்லாகவே இருக்கும்.